அட்டிகையைத் திருடியது யார்?

யுத்த காலத்தில், விழுப்புரம் ரயில்வே ஸ்டேஷன் கடையில் வாங்கிய ஒரு துப்பறியும் நாவல் கெடாரில் எங்கள் வீட்டையே ஒரு வாரம் கிறுக்குப் பிடிக்க வைத்தது. வாங்கி வந்தவள் அப்பாவின் தங்கை, என் அத்தை. விதைக்கான மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, உடைக்கும் நாட்களில் வந்திருந்தாள். கூலிக்கு வந்த பெண்கள் தாழ்வாரத்தில் உட்கார்ந்து உடைப்பார்கள், அத்தை உரக்கப் படிப்பாள்.

அடேயப்பா, என்ன படிப்பு அது! கதையில் யாராவது கதவைத் தட்டினால் அத்தை முறத்தைத் தட்டுவாள், நான் எங்கள் வாசல் கதவைத் திரும்பிப் பார்ப்பேன். ஜமீன் வீட்டில் வைர அட்டிகை காணாமல் போன கட்டத்தில் உடைக்கிற கைகள்கூட நின்றுவிட்டன. அத்தை அதட்டவில்லை.

கேட்டவர்களில் சூரப்புலி அஞ்சலைதான். எழுத்து வாசனையே கிடையாது. "ஏம்மா, ராவெல்லாம் மழையில வெளிய சுத்தினேன்னு ஜமீன்தாரு மச்சினங்காரன் சொல்றானே, அவன் கால்ல சேறு எங்க?" என்று மடக்கினாள். அத்தை அசந்துபோனாள். "உன்ன மாதிரி ஆளுங்களுக்குன்னுதான்டி இதையெல்லாம் எழுதறான்" என்றாள்.

கடைசி நாள், திருடன் அந்த மச்சினன்தான் என்று அத்தை படித்து முடித்தாள். அஞ்சலைக்குத் தலைகால் புரியவில்லை. "நான் அப்பவே சொல்லல?" என்று எல்லாரையும் பார்த்துச் சிரித்தாள்.

என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது. மூன்றாம் வகுப்புக்காரி நான், காலையிலேயே கடைசிப் பக்கங்களைத் திருட்டுத்தனமாக எழுத்துக்கூட்டிப் படித்திருந்தேன்.

"பொய்! அத்தை மாத்திப் படிக்குது. எடுத்தது வீட்டு வேலைக்காரி! மடியில முடிஞ்சிக்கினு போறப்ப புடிச்சிட்டாங்க!"

"சும்மா இருடி" என்றாள் அத்தை. அவசரமாகப் புத்தகத்தை மூடினாள்.

மிச்ச மல்லாட்டையைப் பெண்கள் உடைத்து முடித்தார்கள். பொழுது சாய்ந்ததும் அஞ்சலை எழுந்து அத்தைக்கு எதிரே வந்து நின்றாள். யாரும் கேட்காமலே மடியை அவிழ்த்தாள், முந்தானையை விரித்து உதறிக் காட்டினாள். மற்றவர்களும் அவளுக்குப் பின்னால் வரிசையாக வந்து உதறினார்கள்.

"வேணாம் அஞ்சலை, வேணாம்" என்று சொல்லும்போதே அத்தைக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மல்லாட்டை ஓட்டுத் தூசியைத்தான் உதறுகிறார்கள் என்று நினைத்தேன். உண்மையைப் போட்டு உடைத்துவிட்ட பெருமையில், நானும் வரிசையின் கடைசியில் போய் நின்று என் பாவாடையை விரித்து உதறினேன்.