நாலு கிலோ போதாத குண்டன்

எடை குறைக்கும் போட்டிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, எடையைக் குறைத்துக்கொண்டு போய் நின்ற ஒரே முட்டாள் நானாகத்தான் இருப்பேன். தொலைக்காட்சியில் தெளிவாகத்தான் சொன்னார்கள். ஒரே குடும்பத்திலிருந்து இரண்டு பேர் ஜோடியாக வரவேண்டும். ஆண் என்றால் நூறு கிலோவுக்குக் குறையக்கூடாது, பெண் என்றால் தொண்ணூறு. நான் அப்போது நூற்று மூன்று. தகுதி உடம்பு முழுக்க இருந்தது. ஆனால் விருந்தாளி வருகிறார் என்றால் கிழிந்த பாயைச் சுருட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளுகிற வீட்டில் வளர்ந்தவன் நான். கேமரா முன்னால் அத்தனை தொப்பையோடு போய் நிற்க மனசு வரவில்லை. ஒரு மாதம் ராத்திரிச் சோற்றை விட்டேன். விடியக் கருக்கலில் மலைக்கோட்டையைச் சுற்றி நடந்தேன். மூன்று வேளையும் கொள்ளு ரசம் குடித்தேன். "குதிரைகூட கொள்ளத் திங்குறப்ப மூஞ்சிய இப்படி வச்சுக்கிறாது" என்றாள் மனைவி.

என்னோடு போயிற்று என்றால் இதைச் சிரித்துவிட்டுப் போகலாம். ஜோடியாக நான் கூட்டிக்கொண்டு போனது என் அக்காவை.

அக்கா என்னைவிட நாலு வயது மூத்தவள். கல்யாணம் ஆகவில்லை. வேடசந்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். குண்டாக இருக்கிற சத்துணவு அமைப்பாளரைப் பற்றி ஊர் என்ன பேசும்? பிள்ளைகளுக்கு வருகிற முட்டையெல்லாம் எங்கே போகிறது என்று அந்தம்மாவைப் பார்த்தாலே தெரியவில்லையா என்று பேசியது. அக்கா முட்டை சாப்பிடமாட்டாள். அந்த வாடையே அவளுக்கு ஆகாது. இதை எத்தனை பேரிடம் போய்ச் சொல்வது?

அவளுக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துபோயிருந்தன. காலையில் வேடசந்தூர் பஸ்ஸில் மில்லுக்குப் போகிற கூட்டம் முண்டியடிக்கும். படி உயரம். அக்கா கம்பியைப் பிடித்து, ஒரு காலைத் தூக்கி வைத்து, மூச்சை இழுத்து, அடுத்த காலைக் கொண்டுவருவதற்குள் கண்டக்டர் விசில் ஊதிவிடுவார். சில நாள் கீழே இருந்து யாராவது தள்ளுவார்கள், மேலே இருந்து யாராவது இழுப்பார்கள். சில நாள் பஸ் போய்விடும். அவள் அங்கேயே நிற்பாள். பள்ளிக்கூடத்தில் உலை வைக்க நேரமாகும். தலைமையாசிரியர் ஏற்கனவே இரண்டு முறை எழுதிக் கேட்டுவிட்டார். இந்தப் படியில் ஏற முடியவில்லை என்றால் வேலை போய்விடும். விஷயம் அவ்வளவுதான்.

நான் மருந்து கம்பெனிப் பிரதிநிதி. விற்பது சர்க்கரை மாத்திரை. என் வயிற்றைப் பார்த்தே மாத்திரைக்குத் தேவை உண்டென்று டாக்டர்கள் நம்பினார்கள். பழகிய எலும்பு டாக்டர் ஒருவரிடம் அக்காவைக் கூட்டிப்போனேன். "இருபது கிலோ குறைச்சிட்டு வரச் சொல்லுங்க, அப்புறம் ஆபரேஷனைப் பத்திப் பேசலாம்" என்றார். நடக்கவே முடியாத முட்டியை வைத்துக்கொண்டு இருபது கிலோ எப்படி சார் குறைப்பது என்று கேட்டேன். "நடக்கச் சொல்லுங்க" என்றார். அந்த ஆளுக்கு நான் வருடக்கணக்கில் டைரியும் பேனாவும் கொடுத்திருக்கிறேன்.

இந்தச் சமயத்தில்தான் போட்டி வந்தது. தேர்வானால் மூன்று மாதம் சென்னையில் தங்கவைத்து, டாக்டர், பயிற்சியாளர், தண்ணீருக்குள் நடக்கவைக்கும் வைத்தியம் எல்லாம் அவர்கள் செலவு. அக்கா சம்பளமில்லாத லீவுக்குச் சொல்லிவைத்துவிட்டாள். எனக்கு டிவியில் வரவேண்டும். அவளுக்கு பஸ்ஸில் ஏறவேண்டும்.

அன்று காலை நான் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அக்கா ஆறு இட்லியும், தொட்டுக்கொள்ள நேற்றைய கறிக்குழம்பும் சாப்பிட்டாள். "வெறும் வயித்தோட போயி நிக்கிறதுக்கு நான் என்ன ரத்தமா குடுக்கப் போறேன்?"

பைபாஸ் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம். வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம், நத்தம் என்று ஜில்லா முழுக்க இருந்து எங்கள் இனம் திரண்டிருந்தது. மண்டபத்துக்கு வெளியே வேலையில்லாத கூட்டம் ஒன்று சைக்கிளைச் சாத்திவிட்டு நின்றது. "ஏலே, பில்லர் தாங்குமாலே?" என்றான் ஒருவன். இன்னொருவன் எங்கள் ஆட்டோவின் டயரைக் குனிந்து பார்த்து அனுதாபப்பட்டான். இவன்கள் வீட்டுக் கல்யாணத்தில்தான், போதும் போதும் என்று இலையைக் கையால் மறைத்தாலும் விரலிடுக்கில் குழம்பை ஊற்றி, "என்ன மாப்ள கொறிக்கிற?" என்று கேட்பான்கள். ஊட்டுவதும் இந்த ஊர்தான், தின்றவனைப் பார்த்துச் சிரிப்பதும் இந்த ஊர்தான்.

உள்ளே உட்கார பழைய பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். மேடையில் நல்ல இரும்பு நாற்காலிகள் அடுக்கியிருக்க, எங்களுக்கு ஏன் விரிசல் விட்ட பிளாஸ்டிக் என்று முதலில் புரியவில்லை. பிறகு பார்த்தேன். ஒரு கேமராவுக்கு வேறு வேலையே இல்லை. அது நாற்காலிகளையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒட்டன்சத்திரத்துக்காரர் ஒருவர் நாற்காலியோடு சரிந்தபோது அந்தக் கேமராக்காரன் முகத்தில் தெரிந்த சந்தோஷத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். அவரோ எழுந்து, "சேரு ஒடஞ்சு போச்சுங்க, மன்னிச்சுக்கங்க" என்றார். மன்னிப்புக் கேட்டது அவர்!

எடை போடுவதற்கு வெங்காயப் பேட்டையிலிருந்து மூட்டை நிறுக்கிற எடைமேடை ஒன்றை வாடகைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். ஏனென்று கேட்டேன். "விஷுவலா நல்லாருக்கும் சார்" என்றார்கள். அதன் மூலைகளில் வெங்காயச் சருகு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. மனிதர்கள் வரிசையாக வந்து மூட்டை வைக்கிற இடத்தில் ஏறி நின்றார்கள். நானும் நின்றேன்.

"தொண்ணூத்தாறு. நாலு கிலோ கம்மி சார்" என்றான் குறிக்கிற பையன்.

"போன மாசம் நூத்தி மூணு இருந்தேன் தம்பி. கஷ்டப்பட்டுக் கொறைச்சேன்."

அவன் நிமிர்ந்து என்னை உண்மையான அக்கறையோடு பார்த்தான். "எதுக்கு சார்?"

நான் இறங்கி, அக்காவைக் கைப்பிடித்து ஏற்றிவிட்டேன்.

அக்கா நூற்றெட்டு. தாராளமாகத் தேறினாள். ஆனால் ஜோடியில் ஒருவர் போனால் இருவரும் போனார்கள். அவள் எடைமேடையை விட்டு இறங்கி, என் தோளைப் பிடித்துக்கொண்டு, "கறிக்கொழம்பு இருக்கு, தின்னுட்டு வாடான்னு தலதலையா அடிச்சுக்கிட்டேன்" என்றாள்.

அப்போதுதான் காதில் ஹெட்போன் மாட்டிய ஒரு பெண் வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். அவள்தான் அங்கே எல்லாம். "பரவால்ல சார். ஸ்டோரி ஸ்ட்ராங்கா இருந்தா நாலு கிலோவ அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்று எங்களை உட்காரவைத்தாள். "மேடம் சிங்கிளா? ஏன் மேடம்?"

"அமையலம்மா" என்றாள் அக்கா.

"வெயிட்னாலயா?"

அக்கா பேசவில்லை. எனக்கு மௌனம் ஆகாது. யாராவது சும்மா இருந்தால் அங்கே ஒரு நகைச்சுவையைக் கொண்டுபோய் வைத்தாக வேண்டும். என் பஜ்ஜிக் கதையை எடுத்துவிட்டேன். வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிப் பதமேறிய கதை.

தொண்ணூறுகளில் எங்கள் வீட்டில் பாதி ஞாயிற்றுக்கிழமைகள் அக்காவைப் பெண் பார்க்க வருகிறவர்களுக்காகப் போயின. சிறுமலைப் பழம் ஒரு சீப்பும் பூவும் வாங்கிக்கொண்டு வருவார்கள். அக்கா தட்டில் வாழைக்காய் பஜ்ஜியோடு வருவாள். அப்போது அவள் ஒன்றும் பெரிய குண்டு இல்லை, பூசினாற்போல இருப்பாள். ஒரு மாப்பிள்ளையின் தாயார் அவள் மேல்கையைக் கத்தரிக்காய் வாங்குவதுபோல அமுக்கிப் பார்த்தார். "பொண்ணு லட்சணமாத்தான் இருக்கு, ஆனா கொஞ்சம் அதிகமா இருக்கு" என்றார் ஒரு சித்தப்பா. அவருக்கே வேட்டி வயிற்றில் நிற்காமல் நழுவிக்கொண்டிருந்தது. எல்லோரும் கடைசியில் ஒரே வாக்கியத்தைச் சொல்லிவிட்டு எழுந்திருப்பார்கள்: "போயி லெட்டர் போடுறோம்." எங்கள் தெருத் தபால்காரருக்கு அந்த வகையில் வேலையே வரவில்லை. அவர்கள் மிச்சம் வைத்த பஜ்ஜியை நான் தின்பேன். அக்காவுக்கு வரன் தட்டத் தட்ட எனக்கு உடம்பு வைத்தது. இதுதான் கதை. நூறு இடத்தில் சிரிப்பு வாங்கியிருக்கிறது.

ஹெட்போன் பெண் சிரிக்கவில்லை. அவள் கண் விரிந்தது. "சார், சூப்பர். இதை அப்படியே ரீக்ரியேட் பண்றோம்."

பத்து நிமிடத்தில் ஜமுக்காளம் விரித்துவிட்டார்கள். லைட் தூக்குகிறவன், வயர் சுற்றுகிறவன், டிரைவர் மூன்று பேரும் மாப்பிள்ளை வீட்டார். நடுவில் மாப்பிள்ளைக்கு ஒரு சோபா, அதில் இன்னொரு ஒல்லிப் பையன். எதிர்த்த டீக்கடையிலிருந்து பஜ்ஜி வந்தது. அக்கா கையில் தட்டைக் கொடுத்து, "மேடம், மெதுவா நடந்து வாங்க. முட்டி வலிக்குதில்ல, அதை நல்லாக் காட்டுங்க" என்றாள் அந்தப் பெண்.

அக்கா நடந்தாள். காட்டுவதற்கு அவள் ஒன்றும் தனியாகச் செய்ய வேண்டியிருக்கவில்லை. மூன்று பேரும் சொல்லிக்கொடுத்தபடி வாயைப் பொத்திச் சிரித்தார்கள். டிரைவர், "போயி லெட்டர் போடுறோம்" என்றான். நன்றாகவே நடித்தான், நாசமாய்ப் போகிறவன்.

அக்கா தட்டை நீட்டவில்லை. ஒல்லிப் பையனைப் பார்த்து, "செத்த எந்திரிப்பா" என்றாள். அவன் பயந்து எழுந்தான். சோபாவில் உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்து, ஒரு பஜ்ஜியை எடுத்துச் சட்னியில் முக்கித் தின்றாள். "அன்னைக்கெல்லாம் எனக்கு ஒண்ணுகூட மிஞ்சல. அந்தா நிக்கிறான் பாருங்க, அவன்தான் தின்னான்."

மண்டபமே சிரித்தது. வரிசையில் நின்ற குண்டர்கள் கைதட்டினார்கள்.

"மேடம், செம! நீங்க உள்ள வந்துட்டீங்கன்னே வச்சுக்கங்க, சாரையும் சேத்துதான்" என்று அந்தப் பெண் அக்கா பக்கத்தில் மண்டியிட்டாள். "ஒரே ஒரு ஷாட். கண்ணு மட்டும் கொஞ்சம் கலங்கணும்."

"அழுகணும்னா மொளகாப் பஜ்ஜில்ல வாங்கியாந்துருக்கணும்? இது வாழக்கா" என்றாள் அக்கா. பிறகு, "செத்த நேரம் இருங்க, முயற்சி பண்றேன்" என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

கேமரா அவள் முகத்துக்குக் கிட்டே போனது. அவள் மூக்கு நுனி சிவந்தது. உதடு ஒரு பக்கம் இழுத்தது. அது நடிப்பா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்த இழுப்பை நான் பார்த்திருக்கிறேன். வந்தவர்கள் தெருமுனை திரும்பியதும் அடுப்படியில் தட்டுக் கழுவும்போது வருகிற இழுப்பு.

நான் கத்திவிட்டேன். என்ன கத்தினேன் என்று முழுதாக ஞாபகமில்லை. கோபம் வந்தால் எனக்கு மேடைத் தமிழ் வரும். "மனிதர்களை மூட்டையாக நிறுத்த நீங்கள், ஒரு பெண்ணின் கண்ணீரையும் நிறுத்து விற்கப்போகிறீர்களா?" என்று கேட்டதாக ஞாபகம். அந்தத் தாயாரையும், சித்தப்பாவையும், எலும்பு டாக்டரையும், வாசலில் சைக்கிளோடு நின்றவன்களையும் சேர்த்துத்தான் திட்டினேன். வாங்கிக்கட்டிக்கொள்ள அங்கே அகப்பட்டவர்கள் இவர்கள். தட்டைப் பிடுங்கி எறிந்தேன். சட்னி லைட் ஸ்டாண்டில் போய் அப்பியது. "சார், இதுவும் ரோல் ஆயிட்டிருக்கு. கொஞ்சம் லெஃப்ட்ல திரும்பிக் கத்துங்க" என்றான் கேமராக்காரன். அதற்குப் பிறகு நான் கத்தியதை அச்சில் ஏற்ற முடியாது.

ஹெட்போன் பெண் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டாள். முகம் கடை சாத்தினாற்போல ஆகிவிட்டது. "ஓகே சார். கூப்பிடுறோம்."

அதற்கு அர்த்தம் எங்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் அதைக் கேட்காத ஞாயிறு உண்டா?

அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, வெளியே கூட்டிவந்தேன். ஒரு ஆட்டோவும் அகப்படாமல் டவுன் பஸ்ஸில் ஏறினோம். நான் கீழே இருந்து தள்ளினேன், கண்டக்டர் மேலே இருந்து இழுத்தார். வழியெல்லாம் நான்தான் பேசினேன். அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள்.

நிகழ்ச்சி சில மாதம் கழித்து வந்தது. எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்ற வத்தலக்குண்டு அண்ணனும் தங்கச்சியும் தேர்வாகியிருந்தார்கள். அந்தத் தங்கச்சியை வாராவாரம் அழவைத்தார்கள். அக்கா ஒரு வாரம்கூட விடாமல் பார்த்தாள். லீவு போட்டு வீட்டில்தான் இருந்தாள். அந்தப் படியோடு மல்லுக்கட்ட முடியவில்லை. ஒரு நாள் டிவியில் அந்தத் தங்கச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். கைப்பிடியைத் தொடாமல், ஒன்றன்பின் ஒன்றாக, மேலே வரைக்கும் ஏறினாள். நான் கொதித்துப்போனேன். "பாத்தியாக்கா, எப்படி அழ வச்சுக் காசு பாக்குறாய்ங்கன்னு? அன்னைக்கு நான் மட்டும் கத்தலன்னா உன் மானத்த இப்படித்தான் வித்துருப்பாய்ங்க."

அக்கா டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டே சொன்னாள்:

"மானத்த நான் பாத்துக்கிருவேன்டா. முட்டிய யாரு பாக்குறது? அந்தச் சத்தத்தக் கொஞ்சம் கூட்டு."