நான் கேட்ட மூன்று கேள்விகள்

போன ஞாயிற்றுக்கிழமை நாச்சாரத்தில் ஒரு கிரகப்பிரவேசம். பந்தியில் பாயசம் வந்த நேரம். பக்கத்து இலைக்காரர் என் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பத்தி எழுதுற சார்தானே? போட்டோவுல முடி இன்னும் கொஞ்சம் இருக்கு."

ஆமாம் என்றேன் – இரண்டுக்கும் சேர்த்து. அங்கேயே ஒரு ஃபேக்டரியில் சூப்பர்வைசராக இருக்கிறாராம். இந்தப் பத்தியை விடாமல் படிக்கிறவராம்.

"ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு இங்கிலீஷ் சீரியலைப் பத்தி எழுதுனீங்களே சார்... பாதிக்கப்பட்ட பொண்ணுங்ககிட்ட அந்த லேடி போலீஸ் எப்படிப் பேசுறாங்கன்னு... அதை வெட்டி வெச்சிருக்கேன். பொண்ணு காலேஜ்ல சேர்ந்தப்ப அதைத்தான் படிக்கக் கொடுத்தேன். இப்படி எழுதுற ஒருத்தர் இருக்கிற ஆபீஸ்ல பொண்ணுங்க எவ்வளவு தைரியமா இருப்பாங்கன்னு சொன்னேன்."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "இல்லை சார், நீங்கள் நினைக்கிற ஆள் நானில்லை" என்று சொல்லியிருக்க வேண்டும். என்ன சொன்னேன்? "ரொம்ப சந்தோஷம் சார்." சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி பாயசம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து மூன்று நாளாகியும் அந்தப் பாயசம் உள்ளே இறங்கவில்லை.

அந்தப் பத்தி உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். அமெரிக்க சீரியல் ஒன்று. வாரா வாரம் ஒரு குற்றம், ஒரு விசாரணை. ஆனால் கதையின் நடுவில் நிற்பவர் குற்றவாளி அல்ல, பாலியல் வன்முறைக்கு ஆளான பெண். விசாரிக்க வரும் பெண் அதிகாரி நின்றுகொண்டு பேசமாட்டார். பக்கத்தில் உட்காருவார். தண்ணீர் கொடுப்பார். "ஏன் அங்கே போனாய்?" என்று ஒருநாளும் கேட்கமாட்டார். "உன்மேல் தப்பில்லை" என்பார். அவசரமே படாமல் காத்திருப்பார்.

நான் உருகி உருகி எழுதினேன். நம் ஊரில் இப்படி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார யார் இருக்கிறார்கள் என்று கேட்டு முடித்திருந்தேன். கடிதங்கள் வந்து குவிந்தன. நான் வேலை பார்க்கும் சாஃப்ட்வேர் கம்பெனி கேன்டீனில்கூட ஒரு வாரம் அதே பேச்சு. நானும் சளைக்காமல் பேசினேன்.

அடுத்த மாதம், ஒரு திங்கட்கிழமை காலை, நான் லீடாக இருந்த டீமில் ஒரு பெண் என் கேபினுக்கு வந்தாள். முத்துலட்சுமி என்று வைத்துக்கொள்வோம். கோவில்பட்டிக்காரி. வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். எங்கள் கம்பெனியில் எல்லோரும் எல்லோரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவோம். அவளுக்கு மட்டும் வாய் வரவில்லை. சார்தான்.

பேகம்பேட் ஏர்போர்ட் அப்போது எங்கள் தலைக்கு மேலேயே இருந்தது. விமானம் இறங்கினால் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருப்போம். அன்றைக்கும் ஒன்று இறங்கியது. சத்தம் அடங்கும்வரை அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு சொன்னாள்.

சனிக்கிழமை மத்தியானம். எங்கள் டெலிவரி மேனேஜர் – எனக்கும் மேலே இருந்தவர் – ரிவ்யூ என்று அவளை ஆபீசுக்கு வரச் சொல்லியிருக்கிறார். வேறு சிலரும் வருவார்கள் என்று சொல்லியிருக்கிறார். யாரும் வரவில்லை. கான்ஃபரன்ஸ் ரூம் கதவை உள்பக்கமாகப் பூட்டியிருக்கிறார்.

அதற்கு மேல் நடந்ததை நான் எழுதப்போவதில்லை. அது அவளுடையது. அவள் என்னிடம் நான்கே வாக்கியத்தில் சொன்னாள். என் மேஜையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

நான் கேட்டேன்.

"சனிக்கிழமை ஏம்மா தனியா வந்தே?"

அவள் மேஜை ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவர் எல்லார்கிட்டயும் கொஞ்சம் ஃப்ரீயா பழகறவர்... நீ தப்பா எடுத்துக்கிட்டியோ?"

இப்போது என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

மூன்று கேள்வி. ஒன்றைக்கூட யோசித்துக் கேட்கவில்லை. நாக்கு நுனியில் தயாராக இருந்தன. அவள் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தாள் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. என் எதிரே இரண்டு நாற்காலி காலியாகக் கிடந்தன.

கடைசியாக இன்னொன்றும் சொன்னேன். "ரிலீஸ் முடியட்டும். பத்து நாள்தானே? அப்புறம் நிதானமா பேசலாம்."

"உங்க பத்தி படிச்சிருந்தேன் சார்," என்றாள். "அதான் உங்ககிட்ட வந்தேன்."

போய்விட்டாள்.

நான் அன்று என்னவெல்லாம் செய்தேன் தெரியுமா? மெயில்களுக்குப் பதில் போட்டேன். ஹெச்.ஆர். தலைவரோடு டீ குடித்தேன். அவர் என் முகத்தைப் பார்த்து என்ன விஷயம் என்று கேட்டபோது, "டீம்ல ஒரு பொண்ணு... கொஞ்சம் சென்சிடிவ், ஏதோ தப்பா புரிஞ்சிக்கிட்டா போல" என்றேன். யார் பேரையும் சொல்லவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

சாயங்காலம் வீட்டில் அதே சீரியல் பார்த்தேன். வழக்கம்போல் கண் கலங்கியது. மனைவி டிஷ்யூ பேப்பரை நீட்டினாள்.

இதை எழுதும்போது விரல் கூசுகிறது. ஆனால் அதுதான் நடந்தது.

முத்துலட்சுமி என் கேபினிலிருந்து நேராக ரிசப்ஷனுக்குப் போயிருக்கிறாள். அங்கே மேரி. லாலாகுடா ரயில்வே காலனிக்காரி, தாத்தா காலத்திலேயே வொர்க்‌ஷாப் வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பம். அந்த சீரியலை மேரி பார்த்ததே இல்லை. என் பத்தியைப் படித்ததும் இல்லை – அவளுக்குத் தமிழ் பேசத்தான் வரும். வெகுநாள் கழித்து, அன்று என்ன நடந்தது என்று நானே அவளிடம் கேட்டேன்.

"நான் ஒண்ணும் கேக்கல சார். கைக்கு, எதுக்கு கேக்கணும்? அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சிது. ஹேண்ட்பேகை எடுத்துக்க, வா போலாம்னேன். வேணாம்க்கா, வேலை போயிடும்னு அழுதுச்சு. போனா போவுது, நக்கோ சோச்னு சொல்லி ஆட்டோல ஏத்துனேன்."

இந்த ஊர் உருதுவில் யோசிக்காதே என்று சொல்லி ஏற்றியிருக்கிறாள். முதலில் ஆஸ்பத்திரி. பிறகு போலீஸ் ஸ்டேஷன். ரிசப்ஷனில் அன்று ஆளில்லை என்று மேரிக்கு மெமோ கொடுத்தார்கள். அதில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள்.

போலீசில் கேஸ் பதிவானதும் கம்பெனி விழித்துக்கொண்டது. அதுவரை எங்களிடம் புகார் கமிட்டி என்று ஒன்றே இல்லை. ஒரே வாரத்தில் உருவானது. வெளியிலிருந்து ஒரு பெண் வக்கீல் தலைவராக வந்தார். அந்த மேனேஜர் எழுத்தில் பதில் கொடுத்தார். அதன் முக்கியமான வரி என்ன தெரியுமா? "அந்தப் பெண் முதலில் சொன்னது தன் டீம் லீடிடம். அனுபவம் வாய்ந்த அந்த டீம் லீடே இதை நம்பவில்லை; தவறாகப் புரிந்துகொண்டதாகத்தான் சொல்லியிருக்கிறார்."

டீ குடிக்கும்போது நான் வீசிவிட்டு வந்த வார்த்தை. ஹெச்.ஆர். தலைவர் வழியாக மேனேஜர் கைக்கு ஆயுதமாகப் போய்ச் சேர்ந்திருந்தது.

என்னைக் கமிட்டி கூப்பிட்ட அன்று காலை, ஹெச்.ஆர். தலைவர் ஒரு தாளைக் கொடுத்தார். எனக்காக அவரே டைப் செய்து வைத்த வாக்குமூலம். நான் பொறுமையாகக் கேட்டதாகவும், உரிய ஆலோசனை சொன்னதாகவும், நடந்தது பற்றி எனக்கு எந்த அபிப்பிராயமும் இல்லை என்றும் அதில் இருந்தது. "கையெழுத்துப் போட்டுடுங்க. யாருக்கும் பிரச்சினையில்லை."

பேனாவையும் எடுத்தேன்... எடுத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூடியைத் திறந்த பிறகுதான் அந்த "யாருக்கும்" என்ற வார்த்தையில் முத்துலட்சுமி இல்லை என்று பட்டது. தாளை மடித்து பாக்கெட்டில் வைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

அவள் மேஜையின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் துணைக்கு மேரி. முத்துலட்சுமி என்னைப் பார்க்கவில்லை.

வக்கீலம்மா நேராகக் கேட்டார். "இந்தப் பெண் சொன்னதை நீங்கள் நம்பவில்லையா?"

எதையும் யோசித்துக்கொண்டு போகவில்லை. வாய் திறந்தபோது வந்தது இதுதான். "நம்பினேன் மேடம். முதல் வாக்கியத்திலேயே நம்பிவிட்டேன். நம்பியதால்தான் அந்தக் கேள்விகளைக் கேட்டேன். அவள் சொல்வது உண்மை என்றால் நான் ஏதாவது செய்தாக வேண்டும். எனக்கு மேலே இருப்பவரை எதிர்க்க வேண்டும். எனக்கு பயம். அதனால் அவள்மேல் ஏதாவது தப்பு கிடைக்குமா என்று தேடினேன்."

தாளையும் எடுத்து மேஜைமேல் வைத்தேன். இதில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள் என்றேன்.

மேரி தண்ணீர் பாட்டிலை முத்துலட்சுமி பக்கம் நகர்த்தி வைத்தாள். எனக்கில்லை. நியாயம்தான்.

வெளியே வராந்தாவில் அவளிடம் போனேன். "மன்னிச்சிடும்மா" என்றேன்.

"சரி சார்." ஆபீஸ் மெயிலுக்குப் பதில் போடுகிற மாதிரிதான் சொன்னாள். இரண்டு அடி நடந்துவிட்டுத் திரும்பினாள். "அன்னைக்கே இதைச் சொல்லியிருக்கலாமே சார்."

மேரியோடு படியிறங்கிப் போய்விட்டாள்.

புகார் உண்மை என்று கமிட்டி எழுதியது. மேனேஜரை நீக்கினார்கள். கோர்ட் கேஸ் இன்னும் வாய்தா மேல் வாய்தாவாக ஓடிக்கொண்டிருக்கிறது. மேரி ஒவ்வொரு முறையும் லீவு போட்டுவிட்டுப் போகிறாள். முத்துலட்சுமி வேறு ஊருக்கு வேலை மாறிப் போய்விட்டாள். எனக்கு? எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அதே கேபின், அதே நாற்காலி. கமிட்டியில் உண்மையைச் சொன்னதற்காக இரண்டு பேர் என் கையைப் பிடித்துக் குலுக்கக்கூடச் செய்தார்கள். அதையும் வாங்கிக்கொண்டேன்.

டிவியில் அழும் பெண்ணுக்காக உருகுவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. அவள் நம்மிடம் எதையும் கேட்கமாட்டாள். நேரில் வருகிறவள் கேட்பாள். அவள் கேட்கும்போது நாம் யார் என்பது நமக்கே தெரிந்துவிடுகிறது... சீரியலைக் குறை சொல்லவில்லை. அது சொல்லிக்கொடுத்தது சரிதான். நான்தான் அதைக் கண்ணீரோடு நிறுத்திக்கொண்டேன்.

இதை எழுதலாமா என்று முத்துலட்சுமிக்கு மெயில் போட்டேன். பேரை, ஊரை, அடையாளங்களை எல்லாம் மாற்றிவிடுகிறேன் என்றும், அவளுக்கு எந்தச் சங்கடமும் வராமல் பரிவோடு எழுதுகிறேன் என்றும் சொல்லியிருந்தேன்.

மறுநாள் பதில் வந்தது. ஒரே வரி.

"என்னைப் பத்திப் பரிவா எல்லாம் எழுத வேண்டாம் சார், உங்களைப் பத்தி எழுதுங்க."