சௌக்கத் பாய் வாங்கிய பெட்ரோல் வண்டி

பழைய கார் வாங்கி விற்கிற புரோக்கர் நான். தண்டையார்பேட்டையில் இறங்கி "கார் ஜார்ஜு" என்று கேட்டால் டீக்கடைக்காரர்கூடக் கை காட்டுவார். இந்தத் தொழிலில் இருபது வருஷம் ஓட்டியவனுக்கு மனிதர்கள்மேல் பெரிய மரியாதை மிச்சமிருக்காது. வாங்க வருகிறவன் பணமில்லை என்று பொய் சொல்வான். விற்க வருகிறவன் வண்டியை டாக்டர் ஓட்டினார் என்று பொய் சொல்வான். எங்கள் பக்கத்தில் டாக்டர்கள் ஓட்டியதாகச் சொல்லப்படும் கார்களைக் கணக்கெடுத்தால் ஆளுக்கொரு டாக்டர் வைத்திருக்கிறோம் என்று ஆகிவிடும். அப்படிப்பட்ட என்னை வாயைப் பிளந்து நிற்க வைத்தவர் சௌக்கத் அலி. அவரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம்.

பாய் ஹார்பரில் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறவர். முப்பது வருஷத்துக்கு மேல் அதே வேலை. முதலில் லாரி, பிறகு டிரெய்லர். ஒருமுறை மணலிப் பக்கம் ஒரு யார்டில் அவர் வண்டியைப் பின்னால் எடுப்பதைப் பார்த்தேன். நாற்பதடிப் பெட்டி. இரண்டு பக்கமும் சுவர். என்னிடம் ஒரு ஆட்டோவைக் கொடுத்திருந்தால்கூட இரண்டு தடவை உரசியிருப்பேன். அவர் கண்ணாடியைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. கையை கியர் ராடின் தலையில் வைத்துக்கொண்டு, எதையோ காது கொடுத்துக் கேட்கிற முகத்தோடு, அந்த மலையை அப்படியே உள்ளே நகர்த்தி வைத்தார். நான் அங்கேயே கை தட்டிவிட்டேன்.

"கண்ணால இன்னா மாமு கீது? கை சொல்லும்" என்றார். "இன்ஜினு நல்லாக்கீதா, மூச்சு வாங்குதா, எல்லாம் இந்தக் குமிழு சொல்லும். அது நடுங்கிகினே இருக்கணும். நடுங்கலன்னா வண்டி செத்துப்போச்சுன்னு அர்த்தம்."

ஹார்பர் கேட்டில் டிரெய்லர்கள் நிற்கும் வரிசையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அரை நாள் நிற்கும், ஒரு அடி நகரும். ஆனாலும் எவனும் இன்ஜினை அணைக்க மாட்டான். அணைத்துவிட்டு, வரிசை நகரும்போது ஸ்டார்ட் ஆகாமல் போனால் பின்னாலிருப்பவன் மூக்கை நுழைத்துவிடுவான். அந்த அதிர்விலேயே சாப்பிடுவார்கள். அந்த அதிர்விலேயே தூங்குவார்கள். டீசல் புகை அவர்களுக்கு வாசனையே இல்லை. நமக்குக் காற்று எப்படியோ, அவர்களுக்கு அது அப்படி.

பாய் முதல்முதலில் கார் வேண்டும் என்று என்னிடம் வந்தது சில வருஷங்களுக்கு முன்னால். அவர் மனைவி அஜீசுன்னிசாவுக்காக.

அஜீசா அண்ணிக்கு ஒரே ஒரு அக்கா. பெயர் ஷரீஃபுன்னிசா. திருவொற்றியூரில் தேரடிக்கு அந்தப் பக்கம் மகளோடு இருந்தார். தாயில்லாத தங்கையைத் தூக்கி வளர்த்தவர். அந்த அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. எல்லா வார்த்தையும் போய் ஒரே ஒரு வார்த்தை மட்டும் எப்படியோ தங்கிவிட்டது. தண்ணீர் வேண்டுமென்றாலும் "அஜீசா". வலித்தாலும் "அஜீசா". மகள் சோறு ஊட்டினாலும் அவள் முகத்தைப் பார்த்து "அஜீசா."

கேட்ட எனக்கே உடம்பு சிலிர்த்தது. தங்கைக்கு எப்படி இருந்திருக்கும்!

ஆனால் அண்ணியால் போக முடியவில்லை. அவருக்கு வீசிங். ஷேர் ஆட்டோவில் ஒரு தடவை கிளம்பி, பாதி வழியில் மூச்சு இழுத்துக்கொண்டு, அக்கா வீட்டுக்குப் போக வேண்டியவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பஸ்ஸிலும் அதே கதை. டாக்டர் "புகை, தூசி ஆகாது" என்று சொல்லி, வாயில் வைத்து அடிக்கிற பம்ப் ஒன்றைக் கொடுத்து அனுப்பினார். எங்கள் பக்கத்தில் புகையும் தூசியும் ஆகாது என்றால் கடலுக்குள்தான் குடியேற வேண்டும். ஆக, தண்டையார்பேட்டையில் தங்கை. கூப்பிடு தூரத்தில் அக்கா. நடுவில் ஒரு ரோடு. ஒரு வருஷமாக இருவரும் பார்க்கவில்லை.

"காரு ஒண்ணு வாங்கிட்டா கண்ணாடிய ஏத்தி வுட்டு தெனமும் இட்டுகினு போய் வந்துருவேன்" என்றார் பாய். "நல்ல டீசல் வண்டியா பாரு."

கலீலுல்லா டீக்கடையில் இதைச் சொன்னதும் கடையே கார் வாங்குவதுபோல ஆகிவிட்டது. கிளாஸைக் கழுவிக்கொண்டே கலீலுல்லா, "டீசல்தான் பாய். கண்ண மூடிகினு எடு" என்றார். அவருக்கு சைக்கிள்கூட இல்லை.

நான் சும்மா இருந்திருக்கலாம். டீசல் வண்டியில் எனக்குக் கமிஷன் அதிகம். ஆனால் பொய்யிலும் எனக்கு ஓர் அளவு உண்டு.

"பாய், தினமும் நெல்லூர் போய் வர்றவனுக்கு டீசல். நீ டோல்கேட்டத் தாண்டி தேரடி போறதுக்கு இன்னாத்துக்கு? இன்ஜின் சூடாவறதுக்குள்ள அக்கா வூடு வந்துடும். சூடாவாம சூடாவாம ஓட்டுனா டீசல் வண்டி சீக்கிரம் பேஜார் பண்ணும். விலையும் சாஸ்தி. மிச்சம் புடிக்கிற அளவுக்கு நீ ஓட்டவே மாட்டே. சின்ன பெட்ரோல் வண்டியா எடு."

பாய் என்னைப் பார்த்த பார்வையில், நான் அவர் வீட்டுப் பெண்ணைப் பற்றி ஏதோ தப்பாகப் பேசிவிட்டதுபோல இருந்தது.

"எனுக்கு சோறு போட்டது டீசலு ஜார்ஜு. அத்த வுட்டுட்டு பெட்ரோல இட்டாந்து வூட்டு வாசல்ல நிறுத்த சொல்றியா? அதெல்லாம் நம்ப வண்டியே இல்ல."

வெள்ளை நிற டீசல் கார் ஒன்று கைவசம் இருந்தது. ஓட்டிப் பார்க்கட்டும் என்று வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்த பிறகு வாசலுக்குக் கொண்டுபோனேன். அண்ணி புர்காவைப் போட்டுக்கொண்டு, ஒரு தூக்கில் அக்காவுக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு, புது மணப்பெண்போலச் சிரித்தபடி முன் சீட்டில் உட்கார்ந்தார். நான் பின்னால்.

பாய் சாவியைத் திருப்பினார். வண்டி உலுக்கிக்கொண்டு எழுந்தது. கியர் ராடின் குமிழில் கை வைத்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. "தபாரு அஜீசா, எப்டி நடுங்குது!"

"ஜோராக் கீதுங்க" என்றார் அண்ணி.

டோல்கேட் வருவதற்குள் நெரிசல். முன்னால் டிரெய்லர், பக்கத்தில் டிரெய்லர். அண்ணி லேசாக இருமினார். பாய் உடனே எல்லாக் கண்ணாடியையும் கடைசி வரை ஏற்றினார். அவருக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான். வெளியே இருக்கும் புகை உள்ளே வராமல் அடைத்துவிட்டார். உள்ளே வந்துகொண்டிருந்த புகை அவர் மூக்குக்குத் தெரியவே இல்லை. அது பழைய வண்டி, எங்கேயோ கசிவு. எனக்கே தொண்டை கமறியது. அண்ணிக்கு மூச்சு விசில் அடிக்க ஆரம்பித்தது. பம்பை வாயில் வைத்து அடித்தார். மறுபடி அடித்தார். பாய் "காத்து உள்ள வருதா, காத்து உள்ள வருதா" என்று கண்ணாடியை இன்னும் இறுக்கிக்கொண்டிருந்தார். நான் கத்தி வண்டியை நிறுத்த வைத்து, கதவைத் திறந்து அண்ணியை இறக்கி, ஒரு மரக்கடை வாசலில் உட்கார வைத்தேன். அங்கிருந்து திரும்பிவிட்டோம். கஞ்சி தூக்கிலேயே ஆறிப்போனது.

"காலைல மொளகாத்தூளு அரைச்சேன். அதான்" என்றார் அண்ணி, மூச்சு வந்தவுடன். "வண்டி நல்லாத்தான் கீது. நீங்க வாங்குங்க."

பாய் மறுநாள் என் கடைக்கு வந்து சாவியை என் கையில் வைத்தார். "வாணாம் மாமு. அவளுக்கு எந்த வண்டியும் ஆவாது. அக்காவ இனிமே அல்லாதான் அவ கண்ணுல காட்டணும்." கண் கலங்கியிருந்தது. நாற்பதடிப் பெட்டியை இழுக்கிற மனுஷன்.

எனக்கு மனசு ஆறவில்லை. மிளகாய்த்தூள் கதையை நான் நம்பவுமில்லை. பொய் கேட்டே பிழைக்கிறவன் நான், கேட்டால் தெரிந்துவிடும். ராயபுரத்தில் ஒரு ரிடையர்டு டீச்சர் கொடுத்த நீல நிறப் பெட்ரோல் கார் என்னிடம் இருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை, கேட்காமலே அதைக் கொண்டுபோய் அவர் வாசலில் நிறுத்தினேன். "வாங்க வாணாம். ஒரு தபா ஓட்டு. எனுக்கோசரம்" என்றேன்.

வேண்டாவெறுப்பாக உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினார். காத்திருந்தார். மறுபடி திருப்பினார். வண்டி 'கிர்ர்' என்று பல்லைக் கடித்தது. தெருவே திரும்பிப் பார்த்தது.

"பாய்! அது ஆல்ரெடி ஓடிகினு கீது!"

"எங்க ஓடுது? சத்தமே இல்லியே!" குமிழில் கை வைத்தார். எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துவிட்டு வைத்தார். "பல்ஸே இல்லியே ஜார்ஜு..."

முப்பது வருஷம் வண்டி ஓட்டிய ஒருவர், வண்டி ஓடுகிறதா இல்லையா என்று தெரியாமல் மலைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். நான் சிரிக்கத்தான் நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை. பள்ளிவாசலுக்குள் நுழைந்தவர்போலக் குரல் தாழ்ந்துவிட்டது. "இது இன்னா மாமு, இப்டி அமைதியா கீது?"

அண்ணி ஏறினார். பம்பைக் கையிலேயே பிடித்திருந்தார். பாய் அந்தச் சின்ன வண்டியை முட்டைக் கூடையைத் தூக்கிப்போகிறவர்போல ஓட்டினார். டோல்கேட்டில் அதே டிரெய்லர்கள். கண்ணாடியை ஏற்றினார். நான் பின்சீட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். விசில் வரவில்லை. காலடிப்பேட்டை தாண்டியது. வரவில்லை. அதற்குள் அண்ணி பேச ஆரம்பித்திருந்தார். அந்தக் கடை எப்போது வந்தது, இந்த வீட்டை யார் இடித்தார்கள் என்று வாய் ஓயவில்லை. பாய் கேட்டுக்கொண்டே ஓட்டினார். வண்டி ஓடும்போது ஒருத்தர் பேசுவது காதில் விழும் என்பதே அவருக்குப் புதுசு.

அக்கா கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அண்ணி போய் காலடியில் உட்கார்ந்தார். பாதத்தை மட்டும் பிடித்தார். அந்த அம்மா மெதுவாகத் திரும்பினார்.

"அஜீசா."

ஒரு வருஷமாக எல்லாவற்றுக்கும் சொல்லிக்கொண்டிருந்த அந்த வார்த்தை அன்றைக்குத்தான் ஆளைப் பார்த்துச் சொல்லப்பட்டது. நான் வெளியே வந்து தெருவில் நின்றுகொண்டேன். இருபது வருஷத்தில் நான் விற்ற எந்த வண்டியும் இவ்வளவு தூரம் போனதில்லை என்று எனக்குத் தோன்றியது.

திரும்பி வரும்போது பாய் கேட்டார். "அந்த வண்டில இழுத்துச்சு. இதுல இழுக்கல. ரோடு அதே ரோடு. ஏன் அஜீசா?"

அண்ணி ஜன்னலைப் பார்த்தார்.

"டீசலா?" என்றார் பாய்.

எனக்கு இறங்கிவிடலாம்போல இருந்தது.

"டீசல் ஆவாதா உனுக்கு? எப்பலேந்து?"

"எப்பவுமேதான்."

பாய் வண்டியை ஓரம் கட்டினார். "நான் வூட்டுக்கு வந்தா நீ உடனே மாடிக்குத் துணி எடுக்கப் பூடுவியே..."

"கொஞ்ச நேரம் காத்தாட நின்னா சரியாப் பூடும்."

"என் சட்டைய வேற யாருகிட்டியும் குடுக்காம நீயே தோச்சியே அஜீசா! இத்தினி வருசமா!"

"இன்னா பண்ணச் சொல்றீங்க?" என்றார் அண்ணி. குரலில் கொஞ்சம் கோபம்கூட இருந்தது. "தெருமொனைல நீங்க வர்றப்பவே அந்த வாசன வந்துரும். அது வந்தாத்தான் ஆளு முழுசா வூடு வந்து சேந்துச்சுன்னு எனுக்கு உசுரு வரும். ஹார்பர்ல தெனம் ஒருத்தன் அடிபடறான். அந்த வாசனைய ஆவாதுன்னு எந்த வாயால சொல்லுவேன்?"

இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் சத்தமில்லை. பாய் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். இவ்வளவு பெரிய ஒன்றை இவ்வளவு சின்ன உடம்புக்குள் எப்படி வைத்திருந்தார் இந்த அம்மா என்று நான் பிரமித்துப்போய் உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கு வரைக்கும் அந்தப் பிரமிப்பு போகவில்லை.

நீல வண்டியை அன்றைக்கே எடுத்துக்கொண்டார். கமிஷன் வேண்டாம் என்றேன். என் தொழில் வரலாற்றில் அது ஒரு களங்கம்தான். டிரெய்லரை அவர் விடவில்லை, விடவும் முடியாது. ஆனால் வேலை முடிந்ததும் யார்டிலேயே சோப்புப் போட்டுக் குளித்து, வேறு சட்டை மாற்றிக்கொண்டு, அழுக்குச் சட்டையை அங்கேயே சலவைக்குப் போட்டுவிட்டுத்தான் கிளம்புகிறார் என்று கலீலுல்லா சொன்னார்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு சாயந்திரம் அந்தத் தெருவழியே போனேன். நீல வண்டி சத்தமில்லாமல் வந்து நின்றது. பாய் இறங்கினார். தலை ஈரமாக இருந்தது. வாசல்வரை போனவர் அங்கேயே நின்றுவிட்டார். உள்ளே அண்ணி, இவர் வந்தது தெரியாமல், வேலையாக இருந்தார். வாசனையும் இல்லை, சத்தமும் இல்லை. எப்படித் தெரியும்? பாய் ஒரு நிமிஷம் கூச்சப்பட்டுக்கொண்டு நின்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அஜீசா! நான்தான். வந்துட்டேன்."