மடக்கியே வைத்த விரல்

"எவ்வளவு மடக்கி வைக்கட்டும்?" என்று பாண்டிச்சேரி டாக்டர் கேட்டார். முடக்குவாதம் என் வலது ஆள்காட்டி விரலின் நடு மூட்டை அரித்துவிட்டிருந்தது. இரண்டு எலும்பையும் சேர்த்துக் கம்பி போட்டு ஒன்றாக்கிவிட்டால் வலி போய்விடும். ஆனால் அந்த மூட்டு பிறகு மடங்காது, நீளாது. எந்த வளைவில் வைக்கிறார்களோ அதுதான் கடைசிவரை.

கணக்கில் பட்டம் வாங்கியவள் நான். ஒரு கோணத்தைச் சொல்ல முடியவில்லை.

விரலை வேண்டிய வளைவில் நிறுத்திவைக்கும் பட்டை ஒன்றைக் கட்டி, வீட்டில் வேலை செய்து பார்க்கச் சொன்னார். செஞ்சிக்கு வந்து பார்த்தேன். விரல் கொஞ்சம் நீட்டியபடி இருந்தால் மகளுக்கு வகிடு எடுத்துப் பின்ன முடிந்தது; ஆனால் சோறு நழுவியது. நன்றாக மடக்கினால் சோற்று உருண்டை நின்றது, சீப்பு நிற்கவில்லை.

"முடிய வெட்டி விட்டுட்டா போச்சு," என்றார் மாமியார். "ஊட்டலன்னா உம் பொண்ணு இன்னா துன்னும்? தட்டப் பாத்துனே குந்தினு இருக்கும்."

மடக்கியே வைக்கச் சொன்னேன். ஆபரேஷன் மேசையில் கை மரத்துப்போய், வேறு யாருடையதோ போலக் கிடந்தது. இன்னும் கொஞ்சம் நீட்டி வைக்கச் சொல்லலாமா என்று தோன்றியது. டாக்டர் நர்ஸிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். நான் சொல்லவில்லை.

கட்டுப் பிரித்து, கம்பியை எடுத்து, எலும்பு கூடிவிட்டது என்று அவர் சொன்ன பிறகுதான் ரசம் சாதம் பிசைந்தேன். உருண்டை நினைத்தபடியே நின்றது. மகள் வாயை மூடிக்கொண்டாள்.

"நானே சாப்டுறேன். நீ லேட் பண்ற."

"பெரிய ஆளாயிட்டாங்க," என்று மாமியார் சிரித்தார். "நீ கட்டுப் போட்டுக்கினு இருந்தப்பவே கத்துக்கிச்சு. சொல்ல மறந்துட்டேன்."

அந்த உருண்டையை நானே தின்றேன். சரியான பதில் எது என்று இப்போதும் சில வேளை கணக்குப் போடுகிறேன். வலி மட்டும் நிஜமாகவே போய்விட்டது.

முடியை நாங்கள் வெட்டவில்லை. மாமியார்தான் பின்னிவிடுகிறார், வகிடு கோணலாக இருக்கிறது. காலையில் கோட்டைக்குப் போகும் ரோட்டு முனையில் ஸ்கூல் வேனுக்கு நிற்கும்போது, மகள் தண்ணீர் பாட்டிலின் வாரை என் விரலில் மாட்டிவிட்டு ஷூவைச் சரிசெய்யக் குனிவாள்.

"இதுல மாட்டினா விழாதும்மா."

விழுவதில்லை. வேன் வரும்வரை கையை அசைக்காமல் வைத்திருக்கிறேன்.