கையில தூக்குற சைஸ்

எங்க வீட்டுல நாய் வேணும்னு கேட்டது என் வீட்டுக்காரர். வேண்டாம்னு சொன்னது நான். கடைசியில அதைச் சுமந்தது யாருன்னு மட்டும் கேக்காதீங்க.

அவர் ரயில்வேயில இருந்து ரிட்டையர் ஆன கையோட என் அடுப்படியில இன்ஸ்பெக்ஷன் ஆரம்பிச்சிட்டார். சீனி டப்பா ஏன் இங்க இருக்கு, மிளகாய்த்தூள் ஏன் அங்க இருக்குன்னு நாள் முழுக்கக் கேள்வி. நான் ஆஸ்பத்திரியில மிஸ்ஸியா வேலை பார்த்தவ. இந்த ஊர்ல நர்ஸை அப்படித்தான் கூப்பிடுவாங்க. வார்டுல எத்தனையோ பிடிவாதக்கார ஆம்பளைங்களைச் சமாளிச்சிருக்கேன், ஆனா அவங்களை எல்லாம் உடம்பு தேறினதும் டிஸ்சார்ஜ் பண்ணிடலாம். இவரை எங்க அனுப்புறது? அதனால நாய்னு அவர் வாயைத் திறந்தப்ப, தொலையட்டும், அந்த நேரமாவது டப்பாவைத் தொடாம இருப்பாரேன்னு சரின்னுட்டேன்.

நாங்க இருந்தது பிரிக்பீல்ட்ஸ்ல அடுக்குமாடி. நாய் வளர்க்கணும்னா மேனேஜ்மெண்ட் கமிட்டி சேர்மன்கிட்ட கேக்கணும். அவர் எங்களுக்குக் கீழ் மாடியில தனியா இருந்தார். சட்டையை உள்ள விடாம குப்பை போடக்கூட வெளிய வர மாட்டார், அப்படி ஒரு மனுஷன்.

"சின்ன ஜாதி நாய்னா பரவால்ல லா மிஸ்ஸி. கையில தூக்குற சைஸா இருக்கணும். லிப்டுலயும் லாபியிலயும் அது கால் தரையில படக்கூடாது, தூக்கிட்டுத்தான் போகணும். மலாய்க்காரங்க இருக்காங்க, அவங்க மதத்துல நாய் மேல படக்கூடாது. சின்னப் பிள்ளைங்க இருக்காங்க. நான் எல்லாருக்கும் வாக்குக் குடுத்திருக்கேன்"னார்.

நியாயமான பேச்சு. தூக்குறதுக்கென்ன, பூனை மாதிரி இருக்கப்போகுதுன்னு நானும் தலையாட்டிட்டு வந்தேன்.

பண்டமாரான்ல ஒரு லோரி டிரைவர் வீட்டுல குட்டி போட்டிருக்குன்னு சர்ச்சுல யாரோ சொன்னாங்க. போய்ப் பார்த்தோம். தாய் வெள்ளை வெளேர்னு, முசு முசுன்னு, ஒரு சோபா குஷன்ல சுருண்டு படுத்திருந்தது. குஷன்லயே பாதி இடம் மிச்சம். என் வீட்டுக்காரர் முகத்துல அப்படி ஒரு திருப்தி. "தாயைப் பார்த்துப் பொண்ணெடுன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க"ன்னார்.

"அப்பன் எங்க?"ன்னு நான்தான் கேட்டேன். இப்பவும் சொல்றேன், நான்தான் கேட்டேன்.

"அது போர்ட்டுல வேலை செய்யுதுக்கா"ன்னார் அந்த டிரைவர்.

பகடி பண்றார்னு நெனச்சு நாங்க ரெண்டு பேரும் சிரிச்சோம். மரியாதைக்கு அவரும் சிரிச்சார். எங்க மகளுக்கு வரன் பார்த்தப்ப, மாப்பிள்ளையோட பெரியப்பா குடிப்பாரான்னு பந்திங் வரைக்கும் ஆள் விட்டு விசாரிச்ச மனுஷன் இவர். நாய்க்கு அப்பன் வழியை விசாரிக்கத் தோணலை. தாயைப் பார்த்தாச்சு, முடிஞ்சது கதைன்னு குட்டியைத் தூக்கிட்டு வந்துட்டோம். அதுக்கு ஒரு பேரும் வச்சோம். அதை இங்க எழுத மாட்டேன், பின்னால அது வளர்ந்த வளர்த்திக்கு அந்தப் பேரைச் சொன்னா எல்லாரும் சிரிக்கிறாங்க. அதுக்கும் மானம் இருக்கு.

முதல்ல ஒரு கையில அதையும் ஒரு கையில ஹேண்ட்பேக்கையும் தூக்கிட்டு ஜம்முனு லிப்டுல இறங்குவேன். லிப்டுல இருக்கிறவங்க எல்லாம் கொஞ்சுவாங்க. அப்புறம் அதோட பாதம் வளர ஆரம்பிச்சது. உடம்பு இல்ல, பாதம் மட்டும். ஊசி போடக் கூட்டிட்டுப் போனப்ப, அந்த டாக்டர் பொண்ணு ஒரு பாதத்தைத் தன் உள்ளங்கையில வச்சுப் பார்த்துட்டு, "ஆன்டி, இது சின்ன நாய்க்கு உள்ள கால் இல்ல. மத்த உடம்பு இன்னும் வந்து சேரலை"ன்னா.

"டாக்டருங்க அப்படித்தான் பயமுறுத்துவாங்க"ன்னார் இவர், வீட்டுக்கு வர்ற வழியில.

வந்து சேர்ந்தது. சோறைக் குறைச்சுப் பார்த்தேன், அது இவரோட சிலிப்பரைத் தின்னது. நடையைக் கூட்டிப் பார்த்தார், இவர் இளைச்சார். காது ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், வால் ஒரு பக்கம்னு அது பாட்டுக்கு வளர்ந்துக்கிட்டே போச்சு. சோபால படுத்தா எங்க ரெண்டு பேருக்கும் தரைதான்.

ஆனா சட்டம் சட்டம்தானே. தூக்கணும். இவருக்கு இடுப்புல டிஸ்க் பிரச்சினை, கனம் தூக்கக்கூடாது. அரிசி மூட்டைக்கு வராத டிஸ்க் நாய்க்கு மட்டும் எப்படி வந்துச்சுன்னு நான் கேக்கலை. சரி, ஒரு தடவை கேட்டேன். மத்தபடி நானேதான் தூக்கினேன். படுக்கையில கிடக்குற ஆளைத் தூக்கி நாற்காலியில உக்கார வச்ச கை இது. முட்டியை மடக்கு, முதுகை வளைக்காதே, பாரத்தை நெஞ்சோட அணைன்னு எத்தனை சின்னப் பொண்ணுங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன். அந்த வித்தை எல்லாம் ஒரு நாயைக் காலைக்கடனுக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு உதவும்னு அப்ப யாருக்குத் தெரியும்.

அதுவும் பழகிக்கிட்டது. வாசக்கதவைத் திறந்தா பின்னங்கால்ல எழுந்து நிக்கும். முன்னங்கால் ரெண்டையும் என் தோள்ல போட்டு, தாடையை என் கழுத்துல வச்சு, பெருமூச்சு ஒண்ணு விடும். நாய்னு பொறந்தா தூக்கிட்டுத்தான் போவாங்கன்னு அது முடிவு பண்ணிட்டது. தெரிஞ்ச புல்லுத்தரையில மட்டும்தான் இறங்கும். மத்த இடமெல்லாம் அதுக்கு லாபிதான்.

எதிர் வீட்டு மலாய்க்கார அம்மா நல்லவங்க. நான் கையில பாரத்தோட லிப்ட் பட்டனை முழங்கையால தேடுறதைப் பார்த்தா, தள்ளி நின்னு குடை நுனியால அமுக்கி விடுவாங்க. அவங்க ஏற மாட்டாங்க, அடுத்த லிப்டுக்கு நிப்பாங்க. "காக், சாப்பிட்டீங்களா, இளைச்சுட்டீங்களே"ன்னு, அக்காங்கிறதுக்கு அவங்க பாஷையில காக் போட்டு, என்னைக் கேப்பாங்க. உண்மைதான், நான் இளைச்சுத்தான் போயிருந்தேன்.

ஒரு ஞாயித்துக்கிழமை மானம் போச்சு. சர்ச்சுக்குப் போயிட்டு வந்து, சேலையைக்கூட மாத்தாம அதைத் தூக்கிட்டு இறங்கினேன். லிப்ட் கதவு திறந்தா எதிர்ல ஒரு பையில பொரிச்ச கோழியோட டெலிவரிக்காரர். அவ்வளவுதான், என் தோள்ல இருந்து ஒரே தாவு. நாலு காலும் தரையில. லாபியைச் சுத்தி ஓடி, காவலுக்கு இருக்கிற ஜாகா உக்கார்ற மேசை மேல முன்னங்காலை வச்சு, பதிவு பண்ண வந்த ஆள் மாதிரி நின்னுச்சு. ஒரு பிள்ளை பயந்து போய் அழுதது. எல்லாத்தையும் பார்த்துக்கிட்டு நடுவுல நின்னவர் சேர்மன்.

"மிஸ்ஸி, உங்களுக்காக எவ்வளவோ கண்ணை மூடிக்கிட்டேன். இது நாய் இல்ல, கன்னுக்குட்டி. மாசக் கடைசிக்குள்ள ஒரு ஏற்பாடு பண்ணிடுங்க."

"ரூல் என்ன சேர்மன்? தூக்குற சைஸ்தானே? நான் தூக்குறேனா இல்லையா? தூக்குறவ நான், சைஸ் சொல்றது நீங்களா?"

"அப்ப கீழ விழுந்தது எப்படி?"

"விழலை. குதிச்சது."

வாயாடிப் பார்த்தேனே தவிர, அவர் பக்கம்தான் நியாயம்னு எனக்கே தெரியும். அழுத பிள்ளை முகத்தைப் பார்த்தேன் இல்ல. அதுதான் கோபத்தை இன்னும் ஏத்தி விட்டது.

என் வீட்டுக்காரர் பண்டமாரானுக்குப் போன் போட்டார். போர்ட்டுல தன் முதலாளியோட லோரி யார்டுல நிறைய இடம் இருக்கு, கொண்டாந்து விடுங்கன்னு டிரைவர் சொல்லிட்டார். "அதுக்கும் ஓட இடம் கிடைக்கும். இங்க அடைஞ்சு கிடக்குது பாவம்"னு இவர் என் மூஞ்சியைப் பார்க்காமச் சொன்னார். நான் கழுவின பாத்திரத்தை எல்லாம் மறுபடி ஒரு தடவை கழுவினேன், பக்கத்து வீட்டுக்கெல்லாம் கேக்குற மாதிரி.

யார்டுக்குப் போய் காரை நிறுத்தினோம். கேட்டுக்குப் பக்கத்துல ஒரு நாய் படுத்திருந்தது. கறுப்பு. எழுந்து நின்னா என் இடுப்பு உயரம். நாங்க வளர்த்தது அதுக்குப் பக்கத்துல பால்குடி. லோரியைக் கட்டி இழுக்குற சங்கிலியில அதைக் கட்டி வச்சிருந்தாங்க.

"நான்தான் அன்னைக்கே சொன்னேனேக்கா, போர்ட்டுல வேலை செய்யுதுன்னு"ன்னார் டிரைவர்.

என் வீட்டுக்காரர் அதைத் தலையில இருந்து வால் வரைக்கும் பார்த்தார். "அந்தக் குஷன்ல படுத்திருந்த சின்னப் பொம்பளையோட வீட்டுக்காரரா இது?"ன்னு மெதுவாக் கேட்டார்.

"சம்பந்திக்கு வணக்கம் சொல்லுங்க"ன்னேன் நான். அவ்வளவு துக்கத்துலயும் எனக்கு வாய் சும்மா இருக்கலை.

பின்கதவைத் திறந்து விட்டேன். எங்க நாய் இறங்கலை. தரையைப் பார்த்தது, கல்லும் எண்ணெயும். என்னைப் பார்த்தது. அப்புறம் சீட்டுலயே பின்னங்கால்ல எழுந்து, முன்னங்கால் ரெண்டையும் என் தோள்ல போட்டு, கழுத்துல தாடையை வச்சது. இது லாபி, நீ தூக்குன்னு அர்த்தம்.

இதை இங்க விட்டுட்டுப் போனா, தோளைத் தேடிக்கிட்டு இது நின்னுக்கிட்டேதான் இருக்கும். யாரு தூக்குவா? அந்த நிமிஷம் எனக்கு அழுகை வந்துச்சு. ரெண்டு பிள்ளை பெத்தவ, எத்தனையோ பேர் கண்ணை மூடி விட்டவ, ஒரு நாய்க்கு லோரி யார்டுல நின்னு அழுதேன். வெக்கமில்ல. எனக்கு அதுன்னா உசிரு.

"வண்டியை எடுங்க"ன்னேன்.

இவர் ஏறி ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு உக்கார்ந்தார். "அப்ப வீடு?"

"வீட்டை மாத்துவோம்."

அவர் அப்பாவுக்குக் கிடைச்ச ரயில்வே குவார்ட்டர்ஸ்ல பொறந்ததுல இருந்து பிரிக்பீல்ட்ஸை விட்டு நகராத மனுஷன். சண்டை போடுவார்னு நெனச்சேன். ரெண்டு சிக்னல் தாண்டினதும், "தரை வீடுன்னா ரவாங்ல மலிவா கிடைக்கும்"னார்.

"ரவாங்ல உங்க தங்கச்சி இருக்கா."

"சரி, கிள்ளான் பார்ப்போம்"னார்.

போன்ல மகள் குதிச்சா. "நான் ரெண்டாவது பெத்தப்ப வந்து கூட இருங்கன்னேன், பிரிக்பீல்ட்ஸை விட்டு வர முடியாதுன்னீங்க. இப்ப நாய்க்காக வீடு மாறுறீங்களா?" நியாயமான கேள்விதான். "நீ உன் கால்லயே நடந்துடுவியேம்மா"ன்னு சொல்லிட்டுப் போனை வச்சுட்டேன்.

கிள்ளான்ல கேட் போட்ட ஒரு தரை வீடு வாடகைக்குக் கிடைச்சது. சாமான் கட்டுறப்ப, நாயை அவ்வளவு பக்குவமாத் தூக்கினவ, இட்லிப் பானையும் அம்மிக்கல்லும் இருந்த பெட்டியைக் குனிஞ்சு வெடுக்குனு இழுத்துட்டேன். இடுப்பு பிடிச்சுக்கிச்சு. மறுநாள் லோரி முன்னால போயிடுச்சு. காலி வீட்டு வாசல்ல அது எழுந்து நிக்குது, நான் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்.

இவர் குனியப் போனார், நான் ஒரு அதட்டு போட்டேன். கடைசி நாள், யார் கேக்கப்போறா, நடத்தியே கூட்டிட்டுப் போவோம்னு கயித்தைப் பிடிச்சு இழுத்தோம். லிப்ட் வாசல் வரைக்கும் வந்து உக்கார்ந்துடுச்சு. ஆள் மாத்தி ஆள் தள்ளினாலும் நகரலை.

அப்பத்தான் லாபிக் கதவுச் சாவியைத் திரும்ப வாங்க சேர்மன் வந்தார். கயித்தைப் பார்த்தார், தரையில இருந்த நாலு காலையும் பார்த்தார்.

"தூக்கிட்டுத்தான் போகணும் மிஸ்ஸி"ன்னார்.

இன்னைக்கு ஒரு வழி பண்ணிடுறதுன்னு நான் வாயைத் திறக்குறேன், அதுக்குள்ள அவர் தன் போனை என் வீட்டுக்காரர் கையில குடுத்துட்டு, சட்டைக் கையை மடிச்சு விட்டார். "எப்படித் தூக்கணும்? சொல்லுங்க"ன்னார்.

முட்டியை மடக்கச் சொன்னேன். முதுகை வளைக்க வேண்டாம்னேன். நெஞ்சோட அணைச்சுக்கச் சொன்னேன். அது ஒரு நிமிஷம் அவர் மூஞ்சியை மோந்து பார்த்துட்டு, தோள்ல காலைப் போட்டு, கழுத்துல தாடையை வச்சு, அதே பெருமூச்சை விட்டது. லிப்டுல அவர் நேராத் தன் எதிர்லயே பார்த்துக்கிட்டு நின்னார். உள்ள விட்ட சட்டை ஒரு பக்கம் வெளிய வந்து தொங்குச்சு.

லாபியைத் தாண்டி காருக்கு வந்தாச்சு. பின்கதவைத் திறந்து பிடிச்சுக்கிட்டு இவர் நிக்கிறார்.

"வெளிய வந்தாச்சே சேர்மன், இறக்கி விடுங்க. கனக்கும்"னேன்.

"இருங்க லா மிஸ்ஸி"ன்னார், அது முதுகைத் தட்டிக் குடுத்துக்கிட்டே. "அவ்வளவு ஒண்ணும் பெருசு இல்லையே."