தராசம்மா உட்கார்ந்து பார்த்த ஏழு கார்கள்

எடையளவு அலுவலகத்தில் ஆய்வாளராக வேலை பார்க்கும் அவளைச் சந்தைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதில்லை. தராசம்மா என்றால்தான் தெரியும். அவளுடைய சின்ன வெள்ளைக் கார் தெருமுனையில் திரும்பியதுமே சேதி கடைக்குக் கடை தாவிவிடும். ஒருவர் தராசுத் தட்டை அவசரமாகத் துடைப்பார். இன்னொருவர் தட்டுக்கு அடியில் செருகியிருந்த அட்டைத் துண்டை உருவிப் பையில் போட்டுக்கொள்வார். அவள் யாரையும் அதட்டுவதில்லை. தராசின் மேல் தன் எடைக்கல்லை வைப்பாள், முள் நிற்கும்வரை காத்திருப்பாள், நோட்டில் எழுதுவாள். பத்து கிராம் தவறினாலும் முத்திரை கிடையாது. "சரி பண்ணிட்டுக் கூப்பிடுங்க, வர்றேன்" என்பாள். அந்தத் தணிந்த குரலுக்கே பெரிய பெரிய மொத்த வியாபாரிகளும் எழுந்து நின்றுவிடுவார்கள்.

எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு சர்க்கரைக் கிடங்கில், இருபது கிலோ எடைக்கல்லைத் தூக்கிக்கொண்டு திரும்பியபோது அவளுடைய இடுப்பில் ஏதோ 'சடக்'கென்றது. கல்லைக் கீழே போட்டால் ஓரம் சிதைந்து அளவு கெட்டுவிடும் என்று அதை மெதுவாகத் தரையில் இறக்கிவிட்டுத்தான் அவள் விழுந்தாள். முதுகெலும்பின் கீழ்க் கணுக்கள் இரண்டுக்கு நடுவில் இருக்கும் வட்டு பிதுங்கிவிட்டதாக மருத்துவர் சொன்னார். கத்தி வைத்தாலும் முழுசாகச் சரியாகும் என்று உறுதி சொல்ல முடியாது, பயிற்சி செய்துகொண்டு பழகிக்கொள்ளுங்கள் என்றார். ஒரு மாதம் படுத்திருந்துவிட்டு அவள் வேலைக்குத் திரும்பினாள். அதன் பிறகு அவள் வாயிலிருந்து முதுகு என்ற சொல்லே வந்ததில்லை. சொந்தக்காரர்களும் மறந்துபோனார்கள்.

அவளுடைய தம்பி கார் மெக்கானிக். நான்கு வண்டிகள் நிற்கும் பட்டறை வைத்திருந்தான். போனில் என்ஜின் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவான் என்று ஊரில் பேச்சு. அந்தப் பேச்சால் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அக்காவின் வெள்ளைக் காரைத் தேடிப் பிடித்துக் கொடுத்தவனே அவன்தான். தங்கமான என்ஜின் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பான்.

ஒரு மாலை, மகளுக்கு இருமல் மருந்து வாங்க அக்கா வீட்டுக்கு எதிரே இருந்த மருந்துக் கடையில் நின்றுகொண்டிருந்தான். வெள்ளைக் கார் வந்து வாசலில் நின்றது. என்ஜின் அணைந்தது. ஆனால் அக்கா இறங்கவில்லை. போனில் பேசுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்தான். எட்டிப் பார்த்தால், இரண்டு கைகளும் ஸ்டியரிங் மேல் இருந்தன. கண்கள் மூடியிருந்தன. உதடுகள் மட்டும் எதையோ எண்ணுவதுபோல அசைந்தன.

சற்று நேரம் கழித்துக் கதவு திறந்தது. முதலில் ஒரு கை வெளியே வந்து காரின் கூரையைப் பிடித்தது. அப்புறம் ஒரு கால். அப்புறம் இன்னொரு கால். அத்தோடு எல்லாம் அப்படியே நின்றது. பிறகு, துருப்பிடித்த மடக்குக் கத்தியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்பதுபோல, அவள் நிமிர்ந்தாள். முழுசாக நிமிர்ந்ததும் புடவையைச் சரிசெய்தாள். முகத்தையும் சரிசெய்துகொண்டாள். சிரித்த முகத்தோடு வீட்டுக்குள் போனாள். மருந்துக் கடைக் கடிகாரத்தில் பதினோரு நிமிடம் ஓடியிருந்தது.

தம்பிக்கு இருமல் மருந்து ஞாபகமே இல்லை. நேரே வீட்டுக்குள் போனான். அக்கா குளித்துக்கொண்டிருந்தாள். மாமா கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அச்சகத்தில் பிழை திருத்துகிற மனிதர், அதிகம் பேச மாட்டார்.

"மாமா, அக்கா கார்லேருந்து இறங்குறதப் பாத்திருக்கீங்களா?"

அவர் செய்தித்தாளைத் தாழ்த்தவில்லை. "தினமும்தான் பாக்குறேன்."

"போய்க் கைகுடுத்துத் தூக்கிவிடக் கூடாதா?"

"முதல் வாரம் போனேன். 'நான் என்ன சாமானா, தூக்குறதுக்கு'ன்னு கேட்டுட்டா. அதுலேருந்து ஜன்னல் திரைக்குப் பின்னாடி நின்னுக்குவேன். அவ நிமிந்ததும் ஓடிவந்து ஒண்ணும் தெரியாத மாதிரி பேப்பரைத் தூக்கி வச்சுக்குவேன்." அப்போதுதான் தம்பி கவனித்தான், அவர் கையில் இருந்தது முந்தின நாள் பேப்பர்.

மாமா எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு நோட்டை எடுத்து வந்தார். தராசுகளின் தவறை எழுதுகிற அதே வகை நோட்டு, அதே ஒழுங்கான எழுத்து. தேதி, போன இடம், ஓட்டிய நேரம், வலி. வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று ஓர் எண். ஆறு. ஏழு. ஏழு. ஐந்து. எட்டு. ஓரத்தில் குறிப்புகள் வேறு: 'இன்று கிளட்ச் மிதித்தது 412 தடவை.' 'முழங்கால் இடுப்பை விட நான்கு விரல் உயரம். சீட் தாழ்வு.' 'இறங்கும்போது இடுப்பு திருகுகிறது.' வருடத்துக்கு ஒன்றாக அலமாரியில் இன்னும் ஏழு நோட்டுகள் இருந்தன. எட்டு வருடம், ஒரு நாள் விடாமல்.

தம்பி பக்கம் பக்கமாகப் புரட்டினான். அந்த வெள்ளைக் காரின் நட்டு, போல்ட் எல்லாம் அவனுக்குத் தெரியும். இந்த நோட்டில் இருந்த காரை அவன் பார்த்ததே இல்லை.

அக்கா தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள். நோட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"ஏன்க்கா ஒரு வார்த்தை சொல்லல?"

"நீ ஆசையாத் தேடிக் குடுத்த வண்டிடா. நல்லாயில்லன்னு எப்படிச் சொல்றது?"

"நாளைக்கே மாத்துறேன். எனக்கு ஒரு நல்ல வண்டி தெரியும், என்ஜின் சும்மா…"

"நீ ஒண்ணும் தெரிஞ்செடுக்க வேணாம்" என்றாள் அவள். "இந்தத் தடவை முதுகு எடுக்கட்டும். நீ கூட வா, போதும்."

அடுத்த நான்கு வாரம், விடுமுறை நாள் தவறாமல் இருவரும் கார் பார்க்கப் போனார்கள். அவள் அலுவலகத்துக்குப் போடும் அதே செருப்பைப் போட்டுக்கொண்டாள். பையில் அளவு நாடாவும் ரசமட்டமும் இருந்தன. முதல் கடையில் விற்பனை செய்கிறவர் தோல் இருக்கை போட்ட பெரிய கார் ஒன்றின் கதவைத் திறந்து, "சோபா மாதிரி இருக்கும் மேடம், ஓட்டிப் பாருங்க" என்றார்.

"ஓட்டுறது அப்புறம். முதல்ல உக்காந்து பாக்குறேன்."

உட்கார்ந்தாள். ஐந்து நிமிடம் ஆனது, பத்து ஆனது. விற்பனையாளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார், காபி கொடுத்தார், கடைசியில் தம்பியைத் தனியாக அழைத்து, "மேடத்துக்கு ஏதாவது மயக்கமா சார்?" என்று கேட்டார். தம்பி அசடு வழிந்தான். இருபத்தைந்தாவது நிமிடத்தில் அவள் இறங்கினாள்.

"வேணாம். உள்ள அமுங்கி இடுப்பு குழியில விழுது."

"ஏறினதும் நல்லாயிருக்குன்னியே?"

"முதல் அஞ்சு நிமிஷம் எல்லா சீட்டும் நல்ல சீட்டுதான்டா. பதினஞ்சு நிமிஷம் கழிச்சுத்தான் சுயரூபம் தெரியும்."

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது மாமா, "என்னைக்கூட நீ இவ்வளவு சோதிச்சுப் பாக்கலியே" என்றார். "உங்களுக்கு அஞ்சு நிமிஷம் போதுமா இருந்துச்சு" என்றாள் அவள்.

இரண்டாவது காரில் சாய்மானம் தோளை முன்னால் தள்ளியது. மூன்றாவதில் ஸ்டியரிங்கை எட்டிப் பிடித்தால் முதுகு சீட்டை விட்டு விலகியது. நான்காவதில் அவள் உட்கார்ந்து கொஞ்ச நேரத்திலேயே, "இது என்னைத் திருகுது" என்றாள்.

தம்பிக்குச் சிரிப்பு வந்தது. அந்த ரகக் காரை அவன் நூறுக்கு மேல் பிரித்து மாட்டியிருக்கிறான். "கார் எப்படிக்கா திருகும்?"

"உடம்பு நேரா இருக்கு, கால் மட்டும் பக்கவாட்டுல போகுது. அளந்து பாரு."

நாடாவை வாங்கிக் குனிந்து அளந்தான். சீட்டின் நடுக்கோட்டுக்கும் பிரேக் மிதிக்கும் நேர் வரவில்லை. முன் சக்கரத்துக்கு இடம் விட வேண்டி, மிதிகளை நாலரை சென்டிமீட்டர் வண்டியின் நடுப்பக்கமாகத் தள்ளி வைத்திருந்தார்கள். இத்தனை வருடமாக அந்த மிதிகளுக்கு அடியில் தலையை விட்டுப் படுத்திருக்கிறான், கண்ணில் பட்டதில்லை. நாடாவைச் சுருட்டியபோது அவன் சிரிக்கவில்லை.

ஐந்தாவதை ஓட்டிப் பார்த்தார்கள். இரண்டு தெரு போனதும் அவள் ஓரங்கட்டினாள். "பின்னாடி இடது சக்கரத்துல காத்து அதிகம்."

"அது எப்படித் தெரியும்?"

"அந்தப் பக்கம் மட்டும் குழி கூர்மையா ஏறுது."

தம்பி பையிலிருந்து டயர் காற்றை அளக்கும் கருவியை எடுத்து இறங்கினான். மூன்று சக்கரங்களில் முப்பத்திரண்டு. இடது பின் சக்கரத்தில் நாற்பது. கருவியைத் தட்டிவிட்டு மறுபடி அளந்தான். நாற்பதுதான். சாலையோரத்தில் குந்தியபடியே அக்காவை அண்ணாந்து பார்த்தான். போனில் என்ஜினைக் கேட்பதெல்லாம் ஒரு வித்தையா என்று தோன்றியது. இவள் எட்டு வருடமாக வலியைப் பொறுத்துக்கொண்டிருந்தாள் என்றுதான் நினைத்திருந்தான். இவள் அதை உட்கார்ந்து படித்திருக்கிறாள். ஒரு எழுத்து விடாமல் படித்து முடித்திருக்கிறாள்.

ஆறாவது காரில் எல்லாமே பொருந்தியது. ஆனால் பின்கதவைத் திறந்து பார்த்தால், சாமான் வைக்கும் இடத்தின் விளிம்பு உயரமாக இருந்தது. எடைக்கற்களை அதற்கு மேலாகத் தூக்கித்தான் உள்ளே இறக்க வேண்டும். அவள் கதவைச் சாத்திவிட்டு நடந்தாள். அன்று மட்டும் அவள் முகம் வாடியிருந்தது.

ஏழாவது கார் எந்தக் கடையிலும் இல்லை. தம்பியின் பட்டறையிலேயே நின்றது. கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர் எண்ணெய் மாற்ற விட்டுப்போன, நெட்டையான சதுர வண்டி. பட்டறையில் அந்த ரகத்துக்குத் 'தீப்பெட்டி' என்று பட்டப்பெயர். வேலை முடிந்து தம்பியைப் பார்க்க வந்த அக்கா, நாற்காலி இல்லாததால், திறந்திருந்த கதவு வழியாக அதன் சீட்டில் உட்கார்ந்தாள். குனியவும் இல்லை, ஏறவும் இல்லை. சீட் சரியாக இடுப்பு உயரத்தில் இருந்தது. இரண்டு கால்களையும் சேர்த்து உள்ளே திருப்பிக்கொண்டாள். அலுவலகக் கதை பேச ஆரம்பித்தாள். தராசுக்கு அடியில் காந்தம் ஒட்டிவைத்த வியாபாரி மாட்டிக்கொண்ட கதை. அவர் முழித்த முழியை நடித்துக் காட்டி அவளே விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஸ்பேனரோடு நின்ற தம்பிக்கு எதுவோ புதிதாகப் பட்டது. என்னவென்று பிடிபடச் சற்று நேரம் ஆனது. அவள் ஒரு தடவைகூட இடம் மாறி உட்காரவில்லை. புருவங்களுக்கு நடுவில் இருந்த கோட்டைக் காணோம். அதை அவளுடைய முகத்தின் ஒரு பகுதி என்றே அவன் இத்தனை வருடம் நினைத்திருந்தான். கதையை நிறுத்திவிடாதே என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டு மூச்சுக்கூடப் பெரிதாக விடாமல் நின்றான். சுவர்க் கடிகாரம் நாற்பது நிமிடத்தைத் தாண்டியது.

"என்னடா இப்படிப் பாக்குற?"

"அக்கா, நீ எவ்வளவு நேரமா உக்காந்திருக்கே தெரியுமா?"

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். சீட்டின் பக்கவாட்டைக் கையால் தடவினாள், ஒரு மாட்டைத் தடவுவதுபோல.

கண்ணாடிக் கடைக்காரர் நல்ல மனிதர். முழங்கால் மடக்க முடியாத தன் அம்மாவுக்காக அந்த வண்டியை வாங்கியவர். விஷயத்தைக் கேட்டதும், "ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பாக்கட்டும், எனக்கென்ன" என்றார். மறுநாள் அக்கா தன் வழக்கமான சுற்றுக்கு அதில் கிளம்பினாள். தம்பி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். கியர் தானே மாறியது, இடது காலுக்கு வேலையே இல்லை. சீட்டை உயர்த்த ஒரு நெம்புகோலும், இடுப்பு வளைவுக்கு முட்டுக்கொடுக்க ஒரு திருகும் இருந்தன. தடித்த டயர் குழிகளை விழுங்கிக்கொண்டது. பின்கதவைத் திறந்தால் தளம் சமமாக இருந்தது, எடைக்கற்களை இழுத்தாலே வந்தன. முக்கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்தி இறங்கி நடந்தாள். அதை மருத்துவர் சொன்னதிலிருந்து மாற்றவில்லை. ஏழு கடை, ஒரு அரிசி ஆலை. வீடு வந்ததும் கதவைத் திறந்தாள், கால்களைத் திருப்பினாள், நின்றாள். ஜன்னல் திரைக்குப் பின்னால் மாமா இன்னும் பேப்பரையே எடுத்திருக்கவில்லை. அகப்பட்டுக்கொண்டு அப்படியே நின்றார். அன்று நோட்டில் மூன்று என்று எழுதினாள்.

அதே ரகத்தில், அதே சீட் உள்ள வண்டியைத் தேடி வாங்கினார்கள். வலி போய்விடவில்லை. மழைக்காலத்தில் ஐந்து, ஆறு என்று ஏறும், அவள் அதையும் எழுதுவாள். ஆனால் தம்பியின் பட்டறையில் இப்போது யார் வண்டி வாங்க யோசனை கேட்டு வந்தாலும், "என்ஜினை நான் பாத்துக்கிறேன், நீங்க முதல்ல அரைமணி நேரம் உக்காருங்க" என்று சொல்கிறான். சிலர் இவனுக்கு மறை கழன்றுவிட்டது என்று நினைக்கிறார்கள்.

அடுத்த ஆண்டு அலுவலகத்தில், தொலைவில் இருக்கும் கல்குவாரிகளின் லாரி எடைமேடைகளைச் சோதிக்க ஆள் கேட்டார்கள். மூன்று மணி நேரப் பயணம் என்பதால் அவள் இத்தனை காலம் ஒதுங்கியே இருந்த வேலை. இந்தத் தடவை கையெழுத்துப் போட்டாள்.

முதல் நாள் மதியம் தம்பிக்குப் போன் வந்தது. பின்னணியில் கல் உடைக்கும் எந்திரத்தின் இரைச்சல்.

"வந்து சேந்துட்டியா? முதுகு எப்படி இருக்கு?"

"அத விடுடா" என்று அவள் கத்தினாள். "இங்க வந்து பாத்தாத்தான் நம்புவே. எனக்கு முன்னாடி ஒரு மலை நிக்குது, பாதி மலை. மீதியை லாரி லாரியா ஏத்தி எடை போட்டு அனுப்பியிருக்காங்க. ஒரு மலையையே எடை போட்டிருக்காங்கடா!"

"சரியாப் போட்டாங்களா?"

"அதைத்தான் பாக்கப் போறேன்" என்று சொல்லி அவள் போனை வைத்தாள்.