சந்தியாகம்மாளின் இரண்டு வேதங்கள்

பட்டாசுக்குத் திரி சொருகும்போது சந்தியாகம்மாளின் உதடுகள் அசைந்துகொண்டே இருக்கும். பார்க்கிறவர்கள் பாட்டு என்று நினைப்பார்கள். நேற்று முதல் இந்த நிமிடம் வரை செய்த பாவங்களைக் கடவுளிடம் ஒப்புவித்துக்கொண்டிருப்பார். "மருமகள வஞ்சேன். பாலம்மாகிட்ட பொய் சொன்னேன்." முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. "பொறி விளுந்துட்டா அப்புறம் நேரங் கெடைக்காதுல்ல சார்."

ஏழாயிரம்பண்ணைப் பக்கத்து அந்தப் பட்டாசுக் கம்பெனிக்கு லேபிள் ஆர்டர் எடுக்கப் போகிறவன் நான். சந்தியாகம்மாளுக்கு நாற்பத்தெட்டு வயது. பிறந்தது ஆர்.சி. என்னும் கத்தோலிக்கக் குடும்பம், வாழ்க்கைப்பட்டது சி.எஸ்.ஐ. என்னும் புராட்டஸ்டண்ட் சபை வீடு. கணவர் ஏசுவடியான் அங்கேயே வெடிமருந்து கலக்கியவர். 2005இல் மருந்து அறை தீப்பிடித்தது. மதுரை ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் உயிர் இருந்தது. ஆர்.சி. முறைப்படி பங்குச்சாமியாரை அழைத்துக் கடைசி எண்ணெய் பூசச் சொல்லட்டுமா என்று சந்தியாகம்மாள் காதருகே கேட்டிருக்கிறார். "வேண்டாம் பிள்ள, நீ சங்கீதம் வாசி" என்றாராம்.

"ஐம்பத்தொண்ணாஞ் சங்கீதம் வாசிச்சேன். பாதியில கண்ண மூடிட்டாக. மீதிய கேட்டாகளோ என்னவோ."

அந்த வருடக் கல்லறைத் திருநாளன்று, பிறந்த ஊர்க் கோயிலில் கணவரின் ஆன்மாவுக்காகப் பூசை வைத்தார். சேதி பரவியது. சி.எஸ்.ஐ. போதகர் வீடு தேடி வந்தார். கோபப்படவில்லை.

"உயிரோட இருக்கறவங்களுக்காக ஜெபம் பண்ணும்மா. மரிச்சவங்களுக்காக ஜெபிக்க வேதத்துல ஒரு வரி கிடையாது. வேதத்துல இல்லாதத மனுசன் சேக்கக் கூடாது."

வரி இருந்தது. அண்ணன் வீட்டு வேதப் புத்தகத்தில், மக்கபேயர் என்னும் நூலில், செத்துப்போன போர்வீரர்களுக்காகப் பலி ஒப்புக்கொடுத்த இடத்தை எழுத்துக்கூட்டிக் கண்டுபிடித்தார். கணவர் வீட்டுக் கறுப்பு அட்டைப் புத்தகத்தில் அந்த நூலே இல்லை. இரண்டையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு பங்குச்சாமியாரிடம் போனார்.

"இத யாரு சாமி கிளிச்சது?"

சாமியார் சிரித்தாராம். "எது எது வேதம்னு முடிவு பண்ணதே திருச்சபைதாம்மா. சபை சொல்றத நம்பு."

அதே பையோடு போதகரிடம். "அந்த நூல் தேவன் கொடுத்ததில்லம்மா, சபையா சேத்துக்கிட்டது."

"ரெண்டு பேரும் படிச்சவுக" என்றார் என்னிடம். "ரெண்டு பேரும் பயப்படாதங்காக. சாமியார் சொல்றது நெசம்னா, எங்க வீட்டுக்காரரு உத்தரிக்கிற ஸ்தலத்துத் தீயில, பாவம் தீருற வரைக்கும், நா ஜெபிக்காம வெந்துக்கிட்டு இருக்காக. போதகர் சொல்றது நெசம்னா, இல்லாத ஸ்தலத்துக்குப் பூசை வச்சுட்டு ஆண்டவருக்கு முன்னால குத்தவாளியா நிக்கேன். ஏற்கனவே ஒருக்கா வெந்தவுக சார் அவுக."

கூட வேலை பார்க்கும் பாலம்மாளுக்கு இந்தக் குழப்பம் கிடையாது. "நாங்க ஆடி அமாவாசைக்குச் சோத்த வச்சுக் கும்பிட்டுட்டுப் போயிருவோம்" என்றார். சந்தியாகம்மாளோ இப்போதெல்லாம் ஜெபத்தில் "எங்க வீட்டுக்காரரு" என்று ஆரம்பித்து, அதோடு நிறுத்திவிடுகிறார்.

போன புரட்டாசியில், சீசன் உச்சத்தில், ஆர்டருக்காக நானும் போயிருந்த ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரம். ஓடைக்கு அந்தப் பக்கத்துக் கம்பெனியில் வெடித்தது. எல்லாரும் வேலிக்கருவைக் காட்டுக்குள் ஓடினோம். வெள்ளைப் புகைக்குள் விட்டுவிட்டு வெடித்துக்கொண்டிருந்தது. உள்ளே எத்தனை பேர், உயிரோடு இருக்கிறார்களா, யாருக்கும் தெரியவில்லை.

சந்தியாகம்மாள் கரிசல் மண்ணில் முழங்காலிட்டார். அங்கே வேலை பார்க்கிறவர்களின் பெயர்களைச் சத்தமாக, மூச்சு விடாமல் சொல்லத் தொடங்கினார். "சொர்ணலட்சுமி, ஆண்டவரே. அவ தங்கச்சி. வேன்ல முன்னால உக்காருவாளே, அந்தப் பிள்ள."

பாலம்மாள் தண்ணீர்ச் செம்பை நீட்டினார். "கொஞ்சம் குடி மதினி."

"பொறு. உசுரோட இருக்கையிலேயே சொல்லிரணும்."

ஓடைக்கரையில் ஒருவர் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். ஒரு கையை ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். எல்லாரும் அவரை நோக்கி எழுந்தார்கள். சந்தியாகம்மாளும் பார்த்தார். இரண்டு உள்ளங்கைகளாலும் காதுகளை இறுகப் பொத்திக்கொண்டு, அடுத்த பெயரைச் சொன்னார்.